உள்ளங்கைக் கப்பல்

இருட்டு. முட்டுக்காடு மியூசியத்தின் கடைசி அறையில் ஒரே ஒரு விளக்கு. அதுவும் மின்மினி மாதிரி.

"அத்தா, வந்துட்டோம்! இதான் அந்தத் துணி!" ஜன்னா அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள்.

எண்ணூறு வருடத்துக்கு முன் நூலால் படம் படமாகத் தைத்த பூவேலைத் துணி. கண்ணாடிப் பெட்டிக்குள் சுவர் நீளத்துக்குக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள்.

அத்தா தௌசிஃப் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"ஒண்ணியும் தெரிலம்மா. கருப்பாத்தான் கீது."

மறைமலைநகரில் கார் சீட் தைத்துக்கொண்டிருந்தவர் அத்தா. சர்க்கரை நோய் கண்ணைக் கெடுத்தது. வேலையும் போனது. "முழுசா இருட்டறதுக்குள்ள அந்தத் துணிய ஒரு தபா பாத்துடணும்" என்று கேட்டிருந்தார். அது ஒன்றைத்தான் கேட்டிருந்தார்.

சட்டென்று அவள் செல்போன் டார்ச்சை அழுத்தினாள்.

"ஏய் பாப்பா! அணை!" செக்யூரிட்டி தர்மராஜ் ஓடி வந்தார். "வெளிச்சம் பட்டா பழைய நூலு சாயம் போயிடும். அதுக்குத்தானே இருட்டா வெச்சிருக்கு!"

"சாரி அங்கிள்." ஜன்னா அணைத்தாள்.

"வுடும்மா. வூட்டுக்குப் போலாம்."

அத்தாவின் குரல் உடைந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் சட்டை ஓரத் தையலைத் தடவிக்கொண்டிருந்தது. பழைய பழக்கம். ஃபேக்டரியில் ஒவ்வொரு சீட்டையும் அப்படித் தடவித்தான் தையல் சரியா என்று பார்ப்பார்.

ஜன்னா அந்த விரலையே பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் நகத்தால் மெல்லக் கோடு இழுத்தாள்.

"இன்னாடி பண்றே? கூசுது!"

"ஆடாதீங்க அத்தா. இது கடலு. சின்னச் சின்னதா சங்கிலித் தையல். இப்படி, இப்படி... மேல இன்னா வருது, சொல்லுங்க?"

அத்தா கண்ணை மூடினார். "வளைஞ்சு ஏறுது... கப்பலா?"

"கப்பலேதான்! உள்ள ஒரு குதிரை. மூணு காலுதான் கீது."

"நாலாவது எங்கே?"

"நூலு தீந்துபோச்சோ இன்னாவோ!"

அத்தா சிரித்துவிட்டார். வேலை போனதிலிருந்து அவர் சிரித்து ஜன்னா பார்த்ததில்லை.

"மூலைல ஒரு நாய் கீதே பாப்பா, அத வுட்டுட்டியே?" என்றார் தர்மராஜ். அவர் இன்னும் அங்கிருந்து நகரவில்லை.

ஜன்னா நாயையும் வரைந்தாள். வால் நீண்டு மணிக்கட்டு வரை போய்விட்டது.

மணி அடித்தது. மற்றவர்கள் வெளியேறினார்கள்.

"மூடுற நேரம்..." தர்மராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அத்தா கையை இன்னும் அகலமாக விரித்தார்.

"கொஞ்சம் இரு அண்ணாத்த. பாதிதான் பாத்திருக்கேன்."