பட்டைக் கோட்டையில் ஒரு ரோஜா

அன்று பட்டைக் கோட்டையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள்.

கோட்டைக்கு உள்ளே மூன்று பேர். தலைவி பொன்மலர், தேவசகாயம் வாத்தியாரின் கடைசி மகள். தாழ்ப்பாளைக் காத்தவள் கிரேஸி. தகரக் கதவிலிருந்த ஆணி ஓட்டையில் கண்ணையும் காதையும் மாறி மாறி வைத்திருந்தவன் சாந்தகுமார். அவன் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். நாகர்கோவிலிலிருந்து ஆம்பூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கோட்டைக்கு வெளியே மூன்று பேர். ரயிலடித் தெருப் படையின் தலைவன் ஜெபராஜ். எவர் குரலிலும் பேசக்கூடிய செண்பகம். பத்து வயது ரஃபி அகமது.

இவர்களைத் தவிர, மஹ்பூபி அக்கா வீட்டுக் கறுப்பு ஆடு. அது எந்தக் கட்சியிலும் இல்லை.

தோல் பதனிடும் மரப்பட்டைகளை ஒரு காலத்தில் அடுக்கி வைத்திருந்த கிடங்குதான் பட்டைக் கோட்டை. கூரை எப்போதோ போய்விட்டது. மிஞ்சியவை நான்கு உயரமான சுவர்கள், ஒரு தகரக் கதவு, உள்ளே ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டி விளிம்பில் ஒரு குச்சி நட்டு, கிறிஸ்துமஸுக்கு வாங்கி மீந்த சிவப்புக் காகிதத்தைக் கொடியாகக் கட்டியிருந்தாள் பொன்மலர்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இரண்டு தெருப் பிள்ளைகளும் இங்கே கோட்டை விளையாடுவார்கள். சுவர் ஏறக் கூடாது. அது அம்மாக்கள் போட்ட சட்டம். கதவை உள்ளே இருப்பவர்கள்தான் திறக்க வேண்டும். எதிரியின் கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே பட்டால் கோட்டை விழுந்தது. ஷூ கம்பெனியின் ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை தாங்கினால் கோட்டை நின்றது.

பொன்மலரின் அக்கா ஜெயசீலி காத்தபோது கோட்டை நின்றது. அண்ணன் ஆபேல் காத்தபோதும் நின்றது. இந்த எண்பத்தாறாம் வருடம் அவள் முறை.

மதியம் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "செஞ்சிக் கோட்டை வெளியில மொகலாயப் படை ஏழெட்டு வருசம் காத்துக் கிடந்துச்சு. நம்ம வேலூர்க் கோட்டையும் லேசுல விழல. நீ ஒரு சாயங்காலம் தாங்க மாட்டியா? வாத்தியார் வீட்டுப் பொண்ணு கோட்டை விட்டுட்டான்னு பேர் வரக் கூடாது."

"வராதுப்பா," என்றாள் பொன்மலர். சொன்ன வேகத்தில் சோறு புரையேறியது.

கோட்டை மதிலை இடித்துப் பிடித்தவர்களைவிட, உள்ளே இருப்பவர்களை ஏமாற்றிக் கதவைத் திறக்க வைத்தவர்களே அதிகம். ஜெபராஜ் படையும் அதைத்தான் செய்தது.

முதலில் டிங் டிங் என்று மணிச் சத்தம். "குச்சி ஐஸ்! சேமியா ஐஸ்!"

சாந்தகுமாரின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. கிரேஸி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "டேய், அது செண்பகம் டம்ளர் தட்டுறா."

அடுத்து கிரேஸியின் அம்மா குரலே கேட்டது. "ஏய் கிரேஸி! அடுப்புல பால் பொங்குது, எங்கடி போய்ட்டே?"

"எங்கம்மா என்னை ‘பாப்பா’ன்னுதான் கூப்புடுவாங்க!" என்று கிரேஸி உள்ளிருந்து கத்தினாள். வெளியே சிரிப்பு வெடித்தது.

"பாம்பு! பாம்பு!"

"அதையும் உங்க படையில சேத்துக்கோங்க!" என்றாள் பொன்மலர்.

இப்படியே பொழுது போனது; வெயில் தணியவில்லை. அக்கினி நட்சத்திரம் முடியாத நாள். வெளியே ஒரு பொட்டு நிழல் கிடையாது. ஊருக்குள் இருக்கும் ஒரே குளிர்ச்சி வேப்பமரத்தடியில்தான் என்று தோன்றியது.

நான்கு மணியைத் தாண்டியிருக்கும். வெளியே சத்தம் அடங்கிவிட்டது. ஓட்டையில் காதை வைத்திருந்த சாந்தகுமார் திடீரென்று ஓடி வந்தான்.

"அக்கா, புதுசா ஏதோ செய்யப் போறாவ! ரஃபி ரோஜா வச்சிருக்கானாம்."

"இன்னாது?"

"ரோஜாப்பூதான். ஜெபராஜ் ரகசியமா சொல்லுதான், ‘ரோஜா வச்சிக்கிட்டு ஏன்டா வெயில்ல வந்தே’ன்னு. பூ வாடிப்போவும்லா? அதை நமக்குக் குடுத்து கதவைத் திறக்க வைக்கப் போறாவ!"

பொன்மலர் சிரிக்க வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"கிரேஸி! அது பூ இல்லடி. ரோஜா! நோன்பு!"

ரம்ஜான் மாதம். ஆம்பூரில் நோன்பு இருப்பதை ரோஜா வைப்பது என்றும் சொல்வார்கள் என்பது நாகர்கோவில் பையனுக்கு எப்படித் தெரியும்? ரஃபிக்கு இது முதல் நோன்பாக இருக்க வேண்டும். சொன்னால் விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான்.

பொன்மலர் ஓட்டையில் கண் வைத்தாள். ரஃபி சுவரோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செண்பகம் தன் பாவாடை நுனியை விரித்து அவனுக்கு நிழல் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஊட்டுக்குப் போடா தோஸ்த்." "நடக்க முடியலடா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்," என்றான் ரஃபி.

"ஏமாத்து வேலையா இருக்கும்," என்றாள் கிரேஸி. "செண்பகம் எதையும் செய்வா."

"ஏமாத்துறவங்க நமக்குக் கேக்குற மாதிரி கத்துவாங்க. இது காதோட காதா பேசுனது."

"கதவைத் திறந்தா கோட்டை போச்சு, பொன்மலர். உங்கப்பா..."

பொன்மலருக்கு அப்பாவின் முகமும், ஆபேல் அண்ணன் வருடம் முழுவதும் கேலி செய்யப்போவதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆனாலும் அவள் கை தாழ்ப்பாளை இழுத்துவிட்டது.

கிரீச்!

வெளியே இருந்த மூன்று பேரும் திகைத்து எழுந்தார்கள்.

"ரஃபி, உள்ள வா. மரத்தடியில படு," என்றாள் பொன்மலர்.

ரஃபி தள்ளாடி வந்தான். வாசற்படியருகே நின்றுவிட்டான். "நான் கால் வெச்சா நீ தோத்துடுவே."

"தெரியும். வாடா."

"நில்லு!" என்று ஜெபராஜ் கத்தினான். ஓடிவந்து ரஃபியின் தோளைப் பிடித்தான். கிரேஸி தன் கண்களை மூடிக்கொண்டாள்.

ஜெபராஜ் தொண்டையைக் கனைத்தான். "ரஃபி அகமது! உன்னை எங்க படையிலேருந்து நீக்கிட்டேன். இனிமே நீ எதிரி இல்ல. இப்ப போ."

ரஃபி படியைத் தாண்டினான்.

பொன்மலர் சாந்தகுமாரின் தோளில் கிடந்த துண்டைத் தொட்டியில் நனைத்து அவன் தலையில் போட்டாள். "ரொம்ப மயக்கம் வந்தா தண்ணி குடிச்சிடணும், இன்னா?"

"எங்க அம்மியும் அதான் சொன்னாங்க," என்றான் ரஃபி. "இப்ப பரவால்ல. ஜில்லுனு இருக்கு."

காற்று வரட்டும் என்று கதவை அப்படியே விட்டார்கள். ஜெபராஜும் செண்பகமும் படிக்கு வெளியே, திறந்த கதவின் நிழலில் உட்கார்ந்தார்கள். கால் கட்டை விரல்கூடப் படியைத் தொடாமல் மடக்கிக்கொண்டார்கள்.

"உள்ள வர ஆசையா இருக்கா?" என்றாள் கிரேஸி.

"ஜாஸ்தியா இருக்கு," என்றாள் செண்பகம். "ஆனா நீங்க ஏமாறலியே. சும்மா திறந்த கதவுல நுழையறதுல இன்னா பெருமை?" பிறகு தலைமையாசிரியர் குரலில் ஒரு பிரார்த்தனைக் கூட்டமே நடத்திக் காட்டினாள். நனைந்த துண்டுக்கு அடியில் ரஃபி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்த நேரத்தில் ஆடு மெல்லப் படியைத் தாண்டி உள்ளே போனது. அதை யாரும் தடுக்கவில்லை.

ஐந்து மணிச் சங்கு ஊதியது.

"நின்னுடுச்சு! கோட்டை நின்னுடுச்சு!" பொன்மலர் குதித்தாள். அவளைவிட உயரமாகக் குதித்தவன் ஜெபராஜ்தான்.

வீட்டில் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"கதவைத் திறந்தியா?"

"திறந்தேன்ப்பா."

"எதிரி கால் உள்ள பட்டுதா?"

"எதிரி கால் படல. ரஃபி கால்தான் பட்டுது."

அப்பா மீசையைத் தடவினார். "அப்போ நம்ம பேருக்கு இன்னா வந்துச்சு? முகம் கழுவிட்டுக் கிளம்பு. ரஃபியோட அம்மா சுகரா பேகம் உங்க எல்லாரையும் கஞ்சிக்குக் கூப்புட்டிருக்காங்க."

ரஃபியின் வீட்டில் நோன்புக் கஞ்சி மணந்தது. முதல் நோன்பை முழுசாக முடித்த பிள்ளைக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா? புதுச் சட்டை போட்ட ரஃபியின் கழுத்தில், அவன் மூக்குவரை மறைத்துக்கொண்டு, ஒரு பெரிய மாலை. அத்தனையும் சிவப்பு ரோஜா.

சாந்தகுமார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பாத்தீங்களா? ரோஜா வச்சிருக்கான்னு நான் அப்பவே சொன்னேன்லா!"

ரயிலடித் தெருவில் சிலர், "அந்த வருசம் பொன்மலர் கோட்டை விட்டுட்டா. சங்கு ஊதுனப்போ கொடியே இல்ல" என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்களாம். அது பொய். கொடியைத் தின்றது ஆடு. ஆடு எந்தக் கட்சியிலும் இல்லை.