இரண்டாவது செட்

மலையேறுவதற்கு முன் தம்பி கடைசியாகச் செய்த காரியம், காரின் முன்கண்ணாடித் தூசியில் விரலால் ஒரு கழுதையை வரைந்து, "இதான் நீ" என்று அக்காவிடம் காட்டிவிட்டு ஓடியது.

அவன் பையில் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய இரண்டு சின்ன ஹாம் ரேடியோ செட்டுகள். மறுநாள் மண் ஆய்வுக்காக, போன் சிக்னல் எட்டாத காட்டுக்குத் தனியாகப் போகிறான். ஆபத்தில் எது கைகொடுக்குமோ அதைத்தான் வாங்க வேண்டும். உச்சியிலிருந்து ஒவ்வொன்றிலும் அவன் பேச, அடிவாரத்தில் காரிலிருக்கும் பழைய செட்டில் கேட்டு அவள் மார்க் போடுவதாக ஏற்பாடு.

மூன்று மணிக்கு ஸ்பீக்கரில் காற்று படபடத்தது. அதனடியில் சரளை நொறுங்கும் சத்தமும், அவனுக்கு மூச்சு வாங்குவதும்.

"அக்கா, முதல் செட். கேக்குதா?"

"கேக்குது. தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. அடுத்ததைப் போடு."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதுவும் அடங்கியது.

"அக்கா, ரெண்டாவது செட். கேக்குதா?"

பக்கத்து சீட்டிலிருந்து பேசுவது போல அத்தனை துல்லியம். காற்று இல்லை, சரளை இல்லை, மூச்சும் இல்லை. பழைய செட்டில் சிக்னல் பலம் காட்டும் மீட்டர் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது.

"அடேயப்பா! கண்ணை மூடிக்கிட்டு இதையே வாங்குடா." நோட்டில் பத்துக்குப் பத்து போட்டாள்.

முள் சரிந்தது. மறுபடி காற்று.

"எதை வாங்கச் சொல்ற? ரெண்டாவதுக்கு நான் இன்னும் பேட்டரியே போடலையே."

"விளையாடாதடா."

"சத்தியமாக்கா."

அவள் முன்கண்ணாடி வழியே மலையுச்சியைப் பார்த்தாள். வெயில் அப்படியே இருந்தது. அதுவரை கேட்ட சில்வண்டுச் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

முள் ஏறியது.

"அக்கா. மேல வா."

துல்லியமாக.

முள் சரிந்தது. காற்றுக்கு நடுவே தம்பி சிரித்தான். "ஏய், நீ எதுக்கு ஏறி வந்த? கார்லயே இருன்னு சொன்னேன்ல?"

"நான் கார்லதான்டா இருக்கேன்."

சரளைச் சத்தம். இரண்டு பேர் நடக்கும் சத்தம்.

"அப்ப, இங்க வர்றது..."

"ஓடுடா! டேய், ஓடு!"

காற்று நின்றது. முள் ஏறியது.

"நான் கார்லதான்டா இருக்கேன்."

அவளுடைய குரல். மூச்சு இல்லாமல்.

ஆன்டெனா வயரைப் பிடுங்கினாள். பேட்டரி வயரையும்.

மூன்று நாள் தேடினார்கள். தம்பி கிடைக்கவில்லை. அந்தப் பழைய செட் இப்போது அவள் அலமாரியில், ஒரு வயரும் இல்லாமல் இருக்கிறது. முள் இன்னும் கடைசிக் கோட்டிலிருந்து இறங்கவில்லை.