பெரிய சொல்

எண்ணூர்த் தொழிலாளர் குடியிருப்பில், காலைக் காப்பி ஆறுவதற்குள் சொற்பயிற்சி முடிந்துவிட வேண்டும். பூங்கோதை கேட்பாள், மகள் மகிழினி விடை சொல்வாள்.

“நடந்தா மூச்சு வாங்குது. என்ன சொல்லணும்?”

“டயர்ட்.”

“பிரெத்லெஸ்னு ஏன் சொல்லக் கூடாது?”

“அது பெரிய சொல்லும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னா வம்பு.”

குழந்தைக்கு உண்மையிலேயே மூச்சிழுப்பு உண்டு.

கிரேன் இயக்கும் கணவன் அறிவாழி அன்று காப்பியைத் தொடவில்லை. கதவு நிலையைப் பற்றி நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “நெஞ்சுல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்கு, கோதை,” என்றான்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

மருத்துவரை நோயாளி காண்பதற்கு முன் வாசலில் நலப்பொறி அவனுக்கு என்ன நோவு என்று கேட்கும். ஆங்கிலத்தில் மட்டுமே வளர்க்கப்பட்ட பொறி அது. ஆளுக்கு ஒரு நாளில் ஒரே சொல். சிறிய சொல்லுக்கு மாத்திரை, பெரிய சொல்லுக்குப் படுக்கை. படுக்கையில் கிடத்திச் சோதிக்கையில் சொல் நோயைவிடப் பெரிதெனத் தெரிந்தால், அது மிகைக்கூற்று. அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஓராண்டு கதவு திறவாது. ஆண்டவன் தீர்ப்புக்கு அஞ்சிய மக்கள் இப்போது அகராதியின் தீர்ப்புக்கு அஞ்சினார்கள். அஞ்சி அஞ்சிச் சிறிய சொல்லையே பழகினார்கள்; பழகிய அச்சத்துக்குப் பண்பு என்று பெயரும் இட்டார்கள்.

வரிசையில் ஊன்றுகோலுடன் நின்ற தாவீது திரும்பினார். “தம்பி, பெருசா சொல்லிராத. கால் நசுங்கினப்பவே நான் அன்ஈசின்னுதான் சொன்னேன். மாத்திரை குடுத்துச்சு. நல்ல மாத்திரைதான், கால்தான் போயிருச்சு.”

“அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க,” என்றாள் பூங்கோதை.

அறிவாழி கட்டைவிரலைப் பதித்ததும் திரையில் மூன்று சொற்கள் சிறியதிலிருந்து பெரியதாக ஒளிர்ந்தன: டிஸ்கம்ஃபர்ட், டைட்னஸ், பெயின்.

“பெயின்னு சொல்லுங்க.”

“வாயுவா இருந்துட்டா?”

“இருந்துட்டுப் போகுது. சொல்லுங்க.”

“பாப்பாவுக்கு இழுப்பு வந்தா இந்தக் கதவு திறக்கணும், கோதை.”

அவள் கையை விலக்கிவிட்டு, பள்ளிப் பிள்ளையைப் போல் தெளிவாகச் சொன்னான்: “டிஸ்கம்ஃபர்ட்.”

தட்டில் ஒரு மாத்திரை விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை, சுவரோடு சரிந்தான். வரிசை முழுவதும் பார்த்தது.

பூங்கோதை பொறியின் முன் போய் நின்றாள். தன் கட்டைவிரலைப் பதித்தாள். திடமான உடல், சீரான மூச்சு. “பெயின்,” என்றாள்.

கதவு திறந்தது. “அண்ணே, அவரு காலைப் பிடிங்க,” என்றாள். தாவீது ஊன்றுகோலைப் போட்டுவிட்டுக் தரையில் உட்கார்ந்து நகர்ந்தபடியே அறிவாழியின் காலை உந்தினார். பூங்கோதை கக்கத்தில் கைகொடுத்து அவனை உள்ளே இழுத்தாள். தனக்கென ஒதுக்கிய படுக்கையில் கிடத்தினாள்.

ஓடிவந்த மருத்துவர் ஊசி போட்டபடி, “நெஞ்சடைப்பு. பிழைச்சிடுவாரு,” என்றார்.

அந்நேரம் கூரையில் இருந்த ஒலிபெருக்கி பூங்கோதையின் பெயரைச் சொன்னது. படுக்கையில் கிடப்பவர் வேறு; சொல்லுக்கு உரியவருக்கு நோய் இல்லை. மிகைக்கூற்று. ஓராண்டு.

மூச்சுக் கவசத்துக்கு மேலே அறிவாழியின் கண்கள் கலங்கின. “பாப்பாவ என்ன பண்ணப் போற?”

“இந்த வருஷம் அவளுக்கு ஒண்ணும் வராது,” என்றாள் பூங்கோதை. ஆணையிடுவதைப் போலத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அது வேண்டுதலாகியிருந்தது.