கடைசி வரியில் கம்சிகா

நவம்பர் மாதத்து ஒஸ்லோவில் பின்னேரமே இருட்டு வந்து சன்னலில் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு பொழுதில் புறநகர் ஹொல்ம்லியாவில் கமலேஸ்வரியின் வீட்டுக்கு வந்த கம்சிகா, ஈரக் கோட்டைக் கழற்றவும் மறந்து சோபாவில் அமர்ந்தாள்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே கமலேஸ்வரிக்கு மனம் இளகிவிட்டது. கணவர் பத்மநாதன் காப்புறுதி நிறுவனமொன்றில் மோசடிகளை விசாரித்து ஓய்வுபெற்றவர். ஆனால் தேடி வருகிற வழக்குகளில் அவரைவிட அவளுக்குத்தான் அவசரம். இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து ஒன்றைக் கம்சிகாவிடம் நீட்டினாள். மற்றதைத் தானே குடித்தாள்.

"இப்பதானே குடிச்சனீர்?" என்றார் பத்மநாதன்.

"வந்த பிள்ளையைத் தனியக் குடிக்க விடுறதே?"

கம்சிகா சிரித்தாள். சிரிப்பு உடனே அணைந்துவிட்டது.

"ரெண்டு வருசமா விடியவெள்ளன வீடுவீடாப் போய், எங்கட ஆக்களின்ரை விரலில குத்தி, வெறும்வயித்தில இரத்தச் சீனி அளந்தனான், அங்கிள். முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. இப்ப கட்டுரை வரப்போகுது. மேலை பிலேந்திரன் அண்ணையின்ரை பேரும் பேராசிரியையின்ரை பேரும். என்ரை பேர் கடைசி வரியில, நன்றி சொல்ற இடத்தில."

பிலேந்திரன் அதே துறையில் மூத்த ஆய்வாளர். கம்சிகாவுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பேராசிரியை அவளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு எட்டியும் பார்க்கவில்லை. வீடுகளுக்குப் போனது தானே என்றும், அவள் துணைக்கு வந்தவள் மட்டுமே என்றும் பிலேந்திரன் பேராசிரியையிடம் சொல்லியிருந்தார். பங்கேற்ற குடும்பங்களின் பெயரை வெளியே சொல்ல அனுமதியில்லை, அதனால் சாட்சிக்கு யாரையும் அழைக்க முடியாது. கட்டுரை கையைவிட்டுப் போனால் பட்டமும் போய்விடும்.

"முதலே கேட்டிருக்கலாமே?" என்று பாய்ந்தாள் கமலேஸ்வரி.

"அண்ணை எண்டு கூப்பிட்டுட்டு, என்ரை பேரைப் போடுவியளோ எண்டு எப்பிடி அன்ரி கேக்கிறது?"

அவள் கொண்டுவந்திருந்த கட்டுரையைப் பத்மநாதன் புரட்டினார். "முதல் வாரத்து அளவுகளை நீக்கினது எண்டு கிடக்கு. காரணம் எழுதேல்லை." கம்சிகா வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப சொல்லாதையும் பிள்ளை."

அடுத்த வாரம் பேராசிரியையின் அறை. மாணவி துணைக்கு ஆட்களைக் கூட்டிவரலாம் என்பதால் இருவரும் போனார்கள். கம்சிகாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பத்மநாதன் அங்கிருந்த பிலேந்திரனிடம் நோர்வேஜிய மொழியில் அமைதியாகக் கேட்டார்.

"முதல் வாரத்தை ஏன் நீக்கினீர்கள்?"

"கருவி பழுது. சீனியைக் கூட்டிக் காட்டியது. நான்தான் கண்டுபிடித்தேன்," என்றார் பிலேந்திரன், தடுமாறாமல். கமலேஸ்வரிக்கே பதில் சரிபோலத்தான் பட்டது.

பத்மநாதன் பேராசிரியையிடம் திரும்பினார். "நீக்கிய அளவுகளைக் கணினியில் பாருங்கள். பிள்ளைகளுக்கு எப்படி?"

"சாதாரணம்."

"பெற்றோருக்கு?"

பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்தார். "எல்லாமே கூடுதல்."

"ஒரே வீடு, ஒரே காலை, ஒரே கருவி. தாய் யார், பிள்ளை யார் என்று பழுதான கருவிக்குத் தெரியுமா?"

கம்சிகாவை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"தேநீர்," என்றாள் உடனே. "போனதும் தருவார்கள். நான் தனியே குடிக்கக்கூடாதென்று, சாப்பிடாமல் காத்திருந்த தாயும் தகப்பனும் சீனி போட்டுக் கூடவே குடிப்பார்கள். கதைத்துவிட்டுத்தான் குத்துவேன். பிள்ளைகள் தேநீர் குடிப்பதில்லை. அதனால் அளவு கூடுவது விளங்கிய பிறகு, குத்தி முடித்துத்தான் கோப்பையைத் தொட்டேன்."

கமலேஸ்வரிக்கு முகம் சுட்டது. அந்தக் கோப்பையைத் தன் வீட்டில் ஏந்தி நின்றவள் அவள்தானே.

"பிலேந்திரனும் தமிழர்தான். போயிருந்தால் அவருக்கும் அந்தத் தேநீர் கிடைத்திருக்கும்," என்றார் பத்மநாதன்.

பேராசிரியை கம்சிகாவிடம் திரும்பினார். "உன் பெயர் முதலில் வரும். ஆனால் என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே?"

"இரண்டு வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை."

பிலேந்திரன் தமிழுக்கு மாறினார். "மார்ச்சோட என்ரை வேலை முடியுது, தங்கச்சி. வேலை இல்லாட்டி விசாவும் இல்லை."

"தெரியும் அண்ணை. அதுதான் நான் எழுதித் தந்த முதல் பிரதியில, என்ரை பேருக்குப் பக்கத்தில உங்கட பேரையும் போட்டிருந்தனான். நீங்கள் அதைத் திறந்துகூடப் பாக்கேல்லை."

பிலேந்திரன் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு போனார். கமலேஸ்வரி எதிர்பார்த்து வந்த வெற்றி இதுவல்ல. திரும்பும் ரயிலில், அழுதுகொண்டே வந்த கம்சிகாவின் கையை அவள் கடைசிவரை விடவில்லை.