மனுவேலின் வயது எங்கே?

காலை 8.10. கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்கு மேலே இருந்த காப்பி எஸ்டேட் ஆபீசில் களவு போயிருந்தது ஒரே ஒரு காகிதம். மெக்கானிக் மனுவேலின் ஞானஸ்நானச் சான்றிதழ்.

1986 டிசம்பர். பழம் எடுப்பு மும்முரம். போலீஸ் ஸ்டேஷனில் மூன்று இடம் காலி. அந்த மூன்று பேர் வேலையையும் சேர்த்துச் சுமந்த ஹெட் கான்ஸ்டபிள் குழந்தைவேல் எஸ்டேட் ஆபீஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"காகிதம் போனா என்னங்க?"

"அதுலதான் அம்பத்தெட்டு வயசுன்னு இருக்குதுங்க," என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஞானசுந்தரம். "அவரே அதைக் கொண்டாந்து, வேலையை விட்டுப் போகணும்னு எழுதிக் குடுத்தாருங்க. இந்த மாசத்தோட ரிட்டயர்டு. எங்க ரிஜிஸ்டர்ல குத்துமதிப்பா அம்பத்திரண்டு. காகிதம் இல்லாட்டி இன்னும் ஆறு வருசம்."

"கோயில்ல ஞானஸ்நானம் எழுதி வைக்கிற புத்தகம்?"

"கரையான் தின்னுருச்சுங்க."

"அவர் போனா பழத்தோல் உரிக்கிற பல்பர் மெஷினை யார் ஓட்டுவாங்க?"

"ஆளில்லீங்க. படிச்ச பசங்க ரெண்டு பேரு வந்தாங்க. மாசம் முடியறதுக்குள்ள திருப்பூருக்குப் போயிட்டாங்க."

"அப்ப லாபம் உங்களுக்கு. அலமாரிச் சாவியும் உங்ககிட்ட."

ரைட்டரின் முகம் வெளுத்தது. "நேத்தெல்லாம் நான் சேலத்துலங்க! பொன்னுவேலைக் கேளுங்க. அந்த அலமாரிக் கதவைத் தொறந்தா கிறீச்சுன்னு ஊருக்கே கேக்கும்."

காவலாள் பொன்னுவேலின் வலக்கையில் இரண்டு விரல் இல்லை. போன வருடம் மனுவேல் காய்ச்சலில் படுத்தபோது மெஷினை ஓட்டப் போய் இழந்தவை. "ராத்திரி சோத்துக்கு அரை மணி நேரம் போனனுங்க. வேறெங்கயும் நகரலை."

அலமாரிப் பூட்டில் கீறல் இல்லை. குழந்தைவேல் சாவி போட்டு இழுத்தார். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கீலைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

9.30. பல்பர் கொட்டகை.

"காகிதத்தைக் குடுங்கண்ணா."

மனுவேல் மெஷினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "எப்படிங்க?"

"சாவி வச்சிருக்கறவருக்குக் கீலைத் தொட என்ன வேலை? கீல் ஆணியைக் கழட்டி அலமாரிக் கதவை எடுத்திருக்கீங்க. திருப்பி மாட்டறப்ப கிரீஸ் தடவிட்டீங்க. எந்தத் திருடன் தடவுவான்? மெக்கானிக்குக்குத்தான் காஞ்ச ஆணியை மாட்ட மனசு வராது. ஆனா, போகணும்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானே?"

"வேலையை விட்டுடறேன்னு ஊட்டுக்காரிக்கு வாக்குக் குடுத்தேன். ஒடம்பும் முடியலீங்க. ஆனா நான் போன மறுநாளே எவனையாவது இங்க நிறுத்துவாங்க. பொன்னுவேலு கையைத் தெனமும் பாக்கறனே..."

"சொல்லியிருக்கலாமே?"

"திருடறது சுலபமுங்க. அவகிட்டச் சொல்றதுதான் முடியலை."

"வாங்க, நானும் வர்றேன்."

வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனுவேலின் மனைவி இன்பமேரி எல்லாவற்றையும் கேட்டாள். காகிதத்தை வாங்கி மடித்தாள். கோபப்படவில்லை.

"ராத்திரியெல்லாம் 'கையை எடு, கையை எடு'ன்னு கத்தறாரு. எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "இந்த எடுப்பு வரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் வேலை தெரிஞ்ச ஆளில்லைன்னா மெஷின் நிக்கட்டும். இதை ரைட்டர்கிட்ட எழுதி வாங்கித் தருவீங்களா, சார்?"

முழங்கால் வலித்தது. குழந்தைவேல் ரைட்டரைப் பார்க்க மறுபடியும் ஆபீஸ் மேட்டில் ஏறினார்.