பெயர்: காண்டாமிருகம்

"‘நீலக் கடல் அழகாக இருந்தது.’ அருமையான வரி," என்று வகுப்பாசிரியர் கடுகின் கட்டுரையை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். வகுப்பே கைதட்டியது.

கடுகின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அப்படி ஒரு வரியை அவள் சொல்லவே இல்லை.

கடுகு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். ஆள் சிறியவள், பேச்சில் காரம் அதிகம். பள்ளியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவளுக்குப் பார்வை இல்லை. அதனால் தேர்வில் அவள் பதில் சொல்லச் சொல்ல, பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி எழுதித் தருவாள்.

மணி அடித்ததும் அந்த அக்காவைத் தேடிப் போனாள்.

"அக்கா, ‘கடல் என் காதுக்குள்ள உறுமியது’னுதானே நான் சொன்னேன்?"

"ஆமா. ஆனா எல்லாரும் நீலக் கடல்னுதானே எழுதுவாங்க? உனக்கு நல்ல மார்க் வரட்டுமேன்னு மாத்தினேன். பாரு, பத்துக்கு ஒம்பது."

அக்கா நல்லவள்தான். அவளிடம் எப்படிச் சண்டை போடுவது? கடுகு நேராகக் கணினி அறைக்குப் போனாள்.

"சார், இனிமே என் தேர்வை நானே எழுதணும்."

கணினி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உனக்குத் தட்டச்சு தெரியும். ஆனா திரையில என்ன இருக்குன்னு உனக்கு யாரு படிச்சுச் சொல்றது?"

"திரைவாசிப்பான் இருக்கே சார்."

திரைவாசிப்பான் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு மென்பொருள். திரையில் இருப்பதையெல்லாம் குரலில் படித்துச் சொல்லும். சார் யோசித்தார். பிறகு இணையத்திலிருந்து இரண்டு திரைவாசிப்பான்களை இறக்கிக் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டையும் பழகிப் பாரு. பள்ளியில ஒண்ணுதான் போட முடியும். வெள்ளிக்கிழமை மாதிரித் தேர்வு. நீயா சரியா எழுதிக் காட்டினா, பெரிய தேர்வையும் கணினியில எழுதலாம். இல்லேன்னா பழையபடி அக்காதான்."

வீட்டில் அண்ணன் தன் மடிக்கணினியைத் தந்தான். ஆர்வக்கோளாறில் இரண்டையும் ஒன்றாக ஓட விட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. அறைக்குள் குழாயடிச் சண்டைதான்.

"நிறுத்துடா," என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "யாரு வந்திருக்காங்க?"

ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முதலாவதன் குரல் இனிமையாக இருந்தது. கடுகு அதற்குத் தேன் என்று பெயர் வைத்தாள். இரண்டாவது, டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கரகரத்தது. அது தகரம் ஆயிற்று.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தேன்தான்," என்றான் அண்ணன்.

கடுகுக்கும் தேனைத்தான் பிடித்தது. வெள்ளிக்கிழமை வரை தேனோடு பழகினாள்.

மாதிரித் தேர்வில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விரலால் தடவி, மேடு உள்ள இரண்டு விசைகளைக் கண்டுபிடித்தாள். அவை தெரிந்தால் மற்ற விசைகளெல்லாம் தெரிந்தமாதிரிதான்.

முதல் கட்டத்துக்குப் போனதும் தேன் சொன்னது: "ஒன்று. மூக்கின் மேல் கொம்புள்ள விலங்கு எது?" கடுகு ‘காண்டாமிருகம்’ என்று தட்டினாள். பெயர் எழுதச் சொல்லவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. சாரே போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கட்டமாகப் போனாள், கேள்வி கேட்டது, பதில் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் தேன் "நன்றி" என்றது. கடுகும் மரியாதைக்கு ‘நன்றி’ என்று தட்டிவிட்டு எழுந்தாள்.

சார் குனிந்து திரையைப் படித்தார்.

"பெயர்னு இருக்கற கட்டத்துல காண்டாமிருகம்னு எழுதியிருக்கம்மா."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"முதல் கேள்வியோட கட்டத்துல ரெண்டாவது பதில் இருக்கு. ரெண்டாவதுல மூணாவது. எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கு. கடைசிக் கேள்விக்கு நன்றின்னு பதில்." சாரின் குரல் மென்மையானது. "பரவாயில்ல. அக்காவையே எழுதச் சொல்லிக்கலாம். இதுல வெட்கப்பட எதுவுமில்ல."

கடுகு சார் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தக் கேள்வித்தாளை எனக்குக் குடுங்க. திங்கட்கிழமை இன்னொரு தடவை எழுதறேன்."

"ஒரே ஒரு தடவைதான்," என்றார் சார்.

அன்று மாலை அண்ணன் கேள்வித்தாளைத் திரையில் பார்த்தான். "இவ்வளவு தெளிவா இருக்கே? பெயர்னு போட்டு, கீழ கட்டம். முதல் கேள்வி போட்டு, கீழ கட்டம். நீ எப்படித் தப்பு விட்ட?"

"நீ பார்க்கற. நான் கேக்கறேன். நீயும் கேட்டு எழுதிப் பாரு."

கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினாள். சுட்டியையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டே தொடங்கினான். தேன் இனிமையாகக் கேட்டது, அவன் பதில் எழுதினான். முடித்ததும் துண்டை விலக்கினான்.

பெயர்: காண்டாமிருகம்.

அந்த நேரம் பார்த்து, ஈரத் தலையோடு அம்மா வந்தாள். "என் துண்டு எங்க?" என்றவள் திரையைப் பார்த்தாள். "இதுவா உன் பேரு? எனக்கு அப்பவே தெரியும்."

கடுகு சிரிக்கவில்லை. "அப்போ தப்பு என்னோடது இல்ல," என்று மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, அடுத்தது தகரம். மூடு."

தகரம் முதல் கட்டத்தில் நின்று, "கட்டம். பெயர் இல்லை," என்றது.

"இது என்ன எதுவுமே தெரியலங்குது?" என்றான் அண்ணன்.

கடுகு மேல் அம்பு விசையை அழுத்தினாள். "பெயர்," என்று மேல் வரியைப் படித்தது தகரம்.

கடுகு துள்ளினாள். "புரிஞ்சுடுச்சு. சார் கேள்வியைத் திரையில மேல போட்டாரே தவிர, கணினிக்குத் தெரியறமாதிரி எந்தக் கட்டத்துக்கும் பேர் வைக்கல. பார்க்கறவங்களுக்கு அது தேவையில்ல. தேனுக்கு எந்தக் கட்டம் எதுக்குன்னு தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்லாம, கீழ இருக்கற வரியைப் படிச்சு, இதுதான்னு அடிச்சு விடுது. தகரம் அடிச்சு விடல."

"ஆனா ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல போய்ப் போய்ப் பார்த்தா நேரமாகுமே?"

"வேகத்தைக் கூட்டிக்கறேன்."

கூட்டினாள். அண்ணனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடுகின் காதுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. அதே வேகத்தில் தேனை வைத்துப் பார்த்தாள். அதன் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து போயின. சனியும் ஞாயிறும் அவள் தகரத்தோடேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால்கூட "ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம்," என்றாள். ஞாயிறு மாலை, கரகரக் குரலைக் கேட்டுக் கேட்டு அம்மாவே காதை மூடித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தகரத்தை வைத்து எழுதினாள். எல்லாப் பதில்களும் அதனதன் கட்டத்தில் இருந்தன. சாருக்கு மகிழ்ச்சி.

"பழகிட்ட, அவ்வளவுதான். ஆனா இந்தக் குரலை எப்படிம்மா தாங்கறது? அந்த இனிமையான குரலையே போட்டுடலாமே. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். திரையை அணைச்சுட்டு, தேனை வெச்சு நீங்களே எழுதிப் பாருங்க."

"நான் தயாரிச்ச தாளும்மா இது," என்று சிரித்தபடி சார் உட்கார்ந்தார். வகுப்பு மொத்தமும் பின்னால் வந்து நின்றது. பெயர்க் கட்டம் தாண்டிவிட்டது என்று நினைத்து, கேட்கக் கேட்க மளமளவென்று தட்டினார். முடித்துத் திரையைப் போட்டதும் ஒரு பையன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

"பெயர்: காண்டாமிருகம்."

அறை அதிர்ந்தது. சாரும் சேர்ந்து சிரித்தார். கடுகு நடந்ததை விளக்கிச் சொன்னாள்.

"தப்பு என்னோடது," என்றார் சார். "இனிமே எல்லாக் கட்டத்துக்கும் பேர் வெச்சுடறேன். அப்போ தேன் சரியா சொல்லுமே?"

"பெரிய தேர்வுத் தாளையும் நீங்கதான் செய்வீங்களா சார்?"

"இல்ல. வெளியிலேர்ந்து வரும்."

"அவங்களும் மறந்துட்டா? தெரியாததைத் தெரியலன்னு சொன்னா போதும் சார், மிச்சத்தை நான் தேடிக்குவேன். தெரிஞ்சமாதிரி சொன்னா நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அன்றைக்கே சார் பள்ளிக் கணினியில் தகரத்தைப் போட்டார்.

பெரிய தேர்வுத் தாளில் பாதிக் கட்டங்களுக்குப் பெயர் இல்லை. கடுகு பதறவில்லை. மேல் வரியைப் படிக்கச் சொல்லி, கேட்டு, எழுதினாள். கட்டுரைக்குப் ‘போய்வந்த பயணம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். எழுதி முடித்துவிட்டு, தகரத்தை ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

"கடல் என் காதுக்குள் உறுமியது," என்றது தகரம். அதன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடுகுக்கு அன்று அது உலகத்திலேயே இனிமையான குரலாக இருந்தது. இன்னொரு முறை படிக்க வைத்தாள்.

விடைத்தாள் வந்த அன்று அக்கா ஓடி வந்தாள்.

"கட்டுரைக்கு எவ்வளவு?"

"எட்டு."

"அடடா, நான் எழுதியிருந்தா ஒம்பது வாங்கிக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பீங்க அக்கா," என்று கடுகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இந்த எட்டும் என்னோடது."