குமுதாவின் ஆசாம்

இருபத்து நான்கு மணி நேரம் எவலின் அந்தக் கருவியைக் கழற்றக் கூடாது. பள்ளிக்கும் அதோடுதான் போக வேண்டும்.

இடது கையில் ஒரு பட்டை. இடுப்பில் ஒரு சிறு பெட்டி. அரை மணிக்கு ஒரு முறை பெட்டி 'ர்ர்ர்' என்று முனகும். பட்டை கையை இறுக்கி ரத்த அழுத்தத்தை அளக்கும். அப்போது அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

"டீச்சர்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. லோகனுக்குத் தெரிஞ்சா என்னைப் பாட்டின்னு கூப்பிடுவான்."

"சரி லா," என்றார் அம்மா.

நீளக் கை வைத்த பாஜு கூரோங் சீருடை பட்டையை மறைத்தது. சத்தத்தை மறைக்கவில்லை.

"டீச்சர், யாரோ போன் கொண்டு வந்திருக்காங்க!" என்றான் லோகன்.

"கொசுவா இருக்கும். நீ கணக்கைப் போடு," என்றார் டீச்சர்.

இடைவேளையில் குமுதா கன்டீன் பெஞ்சில் ஆசாம் பொட்டலத்தைப் பிரித்தாள். தினமும் பெரிய பழத்தை அவள் எவலினுக்குத்தான் தருவாள்.

"எனக்கு வேணாம்."

"நேத்தும் வேணாம்னே. ஏன்?"

"சும்மாதான்."

ஆசாம் உப்பில் ஊறிய பழம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

"எவலின், உனக்கு என் மேல கோவமா?"

'ர்ர்ர்.'

பட்டை இறுகியது. எவலின் கையைத் தொங்கவிட்டு, வாயை மூடிக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் கருவி மறுபடியும் முதலிலிருந்து இறுக்கும்.

பட்டை தளர்ந்தபோது எதிரே குமுதா இல்லை. பிரித்த ஆசாம் மட்டும் மேசையில் கிடந்தது.

குமுதா லோகன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. லோகன் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் எழுந்து போகட்டும் என்று எவலின் சற்று நேரம் நின்றாள். அவனோ இன்னொரு தட்டு வாங்கி வந்து உட்கார்ந்தான்.

எவலின் ஆசாமை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

"கோவம் இல்ல, குமுதா."

"அப்ப ஏன் பேசாம இருந்தே? கேட்டேன்ல?"

எவலின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"இது இறுக்கும்போது பேசக் கூடாது. அதான்."

குமுதா பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம். உப்பையும் குறைக்கணுமாம்."

குமுதா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ஆசாம் பொட்டலத்தை வாங்கி மடித்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, இது எங்க தாத்தாவுக்குப் போடுறது லா!" என்றான் லோகன், வாய் நிறைய மீஹூனோடு. "உனக்கு எதுக்கு?"

எவலின் குமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டின்னு கூப்பிடணும்னா கூப்பிட்டுக்கோ, லோகன்," என்றாள். "எனக்கு ஹை பிளட் பிரஷர்."